ஊசி தமிழர் கையில். உரிமை எவர் கையில்?

ஓர் இனத்தின் கைத்தொழில் இருவகையால் அழியும். செய்யும் கை ஓய்ந்து அழிவது ஒருவகை. கை ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கவே, அத்தொழிலின் பெயரும் சொல்லும் விலையும் பிறர்பாற் போய்ச் சேர்வது மற்றொரு வகை. முன்னதைக் கண்டு இரங்குவார் பலர். பின்னதைக் கண்டு பதைப்பார் மிகச் சிலர். தமிழகத்துக் கைப்பூத்தையல் இற்றை நாளில் இவ்விரண்டாம் அழிவினுள் நின்றுகொண்டிருக்கின்றது. ஊசி தமிழ்மகளின் கையில் உள்ளது, துணி அவள் மடியில் உள்ளது, கண்ணொளி அவளுடையது, முதுகுநோவும் அவளுடையது. ஆனால் அவ்வேலைக்கு வழங்கும் பெயர் அவளுடையதன்று. அதன்மேல் எழுதப்படும் விலையும் அவளுடையதன்று. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதையும், இதனை மாற்றும் வழி யாது என்பதையும் தமிழுணர்வுடையார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தையல் என்னும் சொல்

பூத்தையல் தமிழர்க்குப் புதிதன்று. தையல் என்னும் சொல்லே அதற்குச் சான்று. துணியோடு துணியை இணைத்தல் என்பது மட்டும் அச்சொல்லின் பொருளன்று. துணிமேற் பூவேலை செய்தலும் தையல். புனைந்து அணிசெய்தலும் தையல். அதனால் விளையும் அழகும் தையல். அவ்வழகுக்குரிய பெண்ணும் தையல். 1924-இல் தொடங்கி 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின்வழி வெளிவந்த தமிழ்ப் பேரகராதியும் இப்பொருள்களைத் தந்துள்ளது. தொழிலையும் அழகையும் பெண்ணையும் ஒரு சொல்லாற் சுட்டிய இனம், ஊசிவேலையைத் தாழ்ந்த வேலையாக எண்ணியிருக்க இயலாது.

பழைய நூல்களும் இதனை உறுதிசெய்கின்றன. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை அடுக்கிக் கூறுமிடத்து, நெய்வாராகிய காருகரையும் தைப்பாராகிய துன்னகாரரையும் வெவ்வேறாகவே குறிப்பிடுகின்றது. நெசவு வேறு, தையல் வேறு எனத் தொழில்கள் பிரிந்து வளர்ந்திருந்த நகர்வாழ்க்கை அது. பதிற்றுப்பத்தோ, போர்ப்புண்ணைத் தைத்த நெடிய வெள்ளூசியைப் பற்றிப் பேசுகின்றது. நீருள் பாய்ந்து எழும் மீன்கொத்திப் பறவையை அதற்கு உவமையாக்குகின்றது. ஊசி பாயும் விரைவையும் மறைந்து வெளிப்படும் இயல்பையும் இவ்வளவு நுணுகிக் கண்டவன் ஊசியோடு பழகியவனாகத்தான் இருந்திருப்பான்.

இத்துணை பழைமையான சொல்லுடைமை இருந்தும், இற்றைத் தமிழகத்துக் கடைத்தெருவில் தொங்கும் பலகையிற் காண்பதென்ன? 'ஆரி ஒர்க்' என்பதும், 'எம்பிராய்டரி' என்பதும், 'சர்தோசி' என்பதுமே. பூவேலை என்றோ, பூத்தையல் என்றோ எழுதிய பலகையைத் தேடித்தான் பார்த்தல் வேண்டும். சொல் எங்கே தொலைந்தது என்பதை அறிய ஓர் ஊரின் எல்லையில் நின்று காண்பது நலம்.

கோட்டக்குப்பத்து எல்லை

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், புதுவையின் வடவெல்லையை ஒட்டிக் கடலோரமாக அமைந்த ஊர் கோட்டக்குப்பம். பேரூராட்சியாக இருந்து 2021-இல் நகராட்சியாக உயர்த்தப்பட்டது. தமிழ் பேசும் இசுலாமியர் பெருந்தொகையாக வாழும் ஊர். இவ்வூரிலிருந்து தெற்கே நடந்தால் முத்தியால்பேட்டை. அதனையும் கடந்தால் புதுவையின் பழைய பிரெஞ்சுத் தெருக்கள். நடந்து செல்வார்க்கு எல்லை எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்பதே தெரியாது. அதே மண், அதே மொழி, அதே உப்புக்காற்று. ஆயினும் இடையில் ஒரு கோடு கிடக்கின்றது. அக்கோட்டுக்கு வடக்கே ஆங்கிலேயனும் தெற்கே பிரெஞ்சுக்காரனும் ஆண்டனர். 1954 நவம்பர் முதல் நாளில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 ஆகத்து 16-இல் அம்மாற்றம் சட்டப்படி நிறைவேறியது. ஆண்டவர் போயினர், கோடு போகவில்லை.

இந்தக் கோட்டுக்குத் தென்புறத்தில்தான், தமிழ்மகளிர் கையாற் செய்த பூத்தையல் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக உலகச் சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கின்றது. குளூனி தூய சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-இல் புதுவைக்கு வந்தனர். கல்விப்பணியோடு ஏழைப் பெண்களுக்கு ஊசிவேலை கற்பிக்கும் பணியையும் மேற்கொண்டனர். உரோமன் உரோலண்டு தெருவிலுள்ள பழைய பிரெஞ்சு மாளிகையொன்றில் அவர்களின் பூத்தையற்கூடம் இன்றும் நடைபெறுகின்றது. மேசைவிரிப்பும் கைக்குட்டையும் படுக்கைவிரிப்பும் அங்கே பெண்டிர் கையால் பூப்பெறுகின்றன. புதுவையைச் சூழ்ந்த ஊர்களில் ஊசியால் வயிறு வளர்க்கும் மகளிர் பலர் உண்டு.

அக்கன்னியர் செய்த நன்மையை மறைப்பது நயன்மையன்று. கணவனை இழந்தவளுக்கும் கைவிடப்பட்டவளுக்கும் வேலைக்கு வழிகாட்டியது பெருந்தொண்டே. ஆயின் ஒன்றை நோக்குதல் வேண்டும். வாங்க வருவோர் 'குளூனிப் பூவேலை' என்பர். 'பிரெஞ்சுப் பூவேலை' என்பர். தைத்தவள் தமிழ்மகள் என்பதும், அவள் இன்ன ஊரினள் என்பதும் துணியில் எங்கும் இராது. கூடத்தின் பெயர் நிலைத்தது; கையின் பெயர் நிலைக்கவில்லை.

இது புதுவைத் துணிக்கு முதன்முறையாக நேர்ந்த இழப்புமன்று. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் புதுவைப் பகுதியில் தமிழ் நெசவாளர் நெய்து, தமிழ்ச் சாயத்தொழிலாளர் அவுரி நீலமேற்றிய பருத்தித்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்குச் சென்றது. அங்கே கோந்து வாணிகத்தில் அத்துணி பணம் போலவே கைமாறியது. அத்துணிக்கு வாணிக உலகம் இட்ட பெயர் 'கினே' என்பது. ஆப்பிரிக்கக் கரையொன்றின் பெயர். நெய்தது தமிழ்க் கை. நீலம் ஏற்றியது தமிழ்க் கை. பெயர் வாங்கினவன் ஊர்ப்பெயர்! பின்னர் ஆலைகள் வந்தன. 1898-இல் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை உள்ளிட்ட புதுவைப் பஞ்சாலைகள் 2020-இல் மூடப்பட்டன. துணித்தொழிலில் பெயரின்றி உழைத்த ஊருக்கு, ஆலை மூடியபோது சொல்லிக்கொள்ளப் பெயரும் இல்லை. பிழைக்க வேலையும் இல்லை. பூத்தையலுக்கும் அந்நிலை வரவேண்டுமா என்பதே இப்பொழுது எழும் வினா.

வேலையும் சொல்லும்

கைப்பூத்தையல் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறியாதவர், அதன் விலையைக் கேட்டு முகஞ்சுளிப்பர். அறிந்தவர் சுளியார்.

முதலில் பூவுரு மெல்லிய தாளில் வரையப்படும். கோட்டின்மேல் ஊசியால் நெருங்கத் துளையிடுவர். அத்தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயிற் குழைத்த வெண்பொடியைத் துணிப்பந்தால் தேய்த்தால், துளைவழியே பொடி இறங்கிப் பூவின் உரு புள்ளிப்புள்ளியாகத் துணியிற் பதியும். பின்னர் மரச்சட்டத்தில் துணியை முரசுத்தோல் போல இறுக்கிக் கட்டுவர். கொக்கியூசி வேலையானால், வலக்கை சட்டத்தின் மேலிருந்து ஊசியை இறக்கும். இடக்கை துணிக்கடியில் நூலைப் பிடித்திருக்கும். ஊசியின் கொக்கி அந்நூலை வளையமாக மேலே இழுக்கும். அடுத்த வளையம் முன்னை வளையத்தைப் பற்றும். இப்படி வளையத்துள் வளையமாகச் சங்கிலி ஓடும். கீழேயுள்ள கையைக் கண் காணாது. விரலே கண்ணாக வேலை நடக்கும். ஒரு மணப்பெண்ணின் இரவிக்கைக்கு இவ்வாறு பல நாள் குனிந்திருத்தல் வேண்டும்.

இத்தொழிலின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் உண்டு. சொல் இருப்பதனால்தான் தாய் மகளுக்குச் சொல்லித்தர இயல்கின்றது. பள்ளித் தையல் வகுப்புகளில் ஒருகாலத்தில் ஓட்டத்தையல், சங்கிலித்தையல், காம்புத்தையல், இறகுத்தையல், முடிச்சுத்தையல், குறுக்குத்தையல் எனச் சொற்கள் வழங்கின. கேட்ட அளவிலே உருவம் கண்முன் நிற்கும் சொற்கள் அவை. காம்புத்தையல் என்றால் பூங்காம்பு. இறகுத்தையல் என்றால் இறகின் இருபுற வரி. புதிதாகக் கற்பவளுக்கு அச்சொல்லே பாதிப் பாடம். அவற்றின் இடத்தில் இப்பொழுது ஆங்கிலப் பெயர்களும், இந்தி, உருதுப் பெயர்களும் அமர்ந்துவிட்டன. மணிகளுக்குக்கூட 'சுகர் பீடு', 'கட் பீடு' என்றே பெயர். சர்தோசி என்பது பாரசீகச் சொல். பொன்னாற் செய்யுந் தையல் என்பதே அதன் பொருள். பொற்றையல் எனத் தமிழில் ஒரே சொல்லாற் சொல்லிவிடலாம். சொன்னால் விளங்காதா? விளங்கும். சொல்லத்தான் ஆளில்லை.

சொல் போனால் என்ன, வேலை நடந்தால் போதாதா என்பார் உளர். போதாது. அயற்சொல்லைக் கற்றவள், தன் தொழிலைப் பிறருடையதாகவே எண்ணிக் கற்கின்றாள். 'இது வடக்கிலிருந்து வந்தது, இது வெளிநாட்டிலிருந்து வந்தது' என்றே அவளுக்குச் சொல்லப்படுகின்றது. வந்த பொருளுக்கு வந்தவன் வைத்ததே விலை. தன்னுடையது என்று எண்ணாத ஒன்றுக்கு எவளும் கூலி உயர்த்திக் கேளாள். தன் பாட்டி தைத்த தலையணையுறையின் பின்னலை அவள் குப்பையிற் போடுவாள்; அச்சிட்டு வந்த அயல்நாட்டுப் படத்தைப் பார்த்துத் தைப்பாள். சொல்லிழப்பு இவ்வாறு கூலியிழப்பாகின்றது, கூலியிழப்பு தொழிலிழப்பாகின்றது.

பிறர் காத்த வகை

பிரான்சு நாட்டாரிடம் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு. பாரிசு நகரத்து இலெசாழ் என்னும் பூத்தையல் இல்லத்தின் வேர் 1858-இல் தொடங்கியது. 1924-இல் இலெசாழ் குடும்பத்தின் கைக்கு வந்தது. அவ்வில்லம் தைத்த சான்றுத்துணிகளைப் பல்லாயிரக்கணக்கிற் சேர்த்து வைத்துள்ளது. எந்த ஆண்டில் எந்தப் பூ எவ்வகைத் தையலால் ஆயது என்பதைத் துணியையே எடுத்துக் காட்டிச் சொல்ல இயலும். 1992-இல் ஒரு பள்ளியும் தொடங்கினர். விரும்பியவர் எவரும் அங்கே கற்கலாம். பதிவு ஒன்று, பள்ளி ஒன்று; இவ்விரண்டுமே அவர்தம் தொழிலைக் காத்தன. அவ்வீட்டு மகன் ஒருவரே 1990-களிற் சென்னைக்கு வந்து, இங்குள்ள கைவினைஞரைக் கொண்டு பூத்தையற்கூடம் நிறுவினார். பாரிசுக்காரர் சென்னைக் கையைத் தேடி வருகின்றார். சென்னைக்காரர்க்கோ அக்கை தம் தெருவில் இருப்பதே தெரியவில்லை. 2023 மார்ச்சுத் திங்களில் பாரிசின் தியோர் உடையில்லம் மும்பையில் நடத்திய காட்சி இந்தியக் கைப்பூத்தையலை உலகின் கண்முன் நிறுத்தியது. அங்கும் 2016 முதல் பெண்களுக்குப் பூத்தையல் கற்பிக்கும் பள்ளி ஒன்று பின்னணியில் இருந்தது.

தமிழகத்திலும் வழிகாட்டும் எடுத்துக்காட்டுகள் இல்லாமற் போகவில்லை. நீலமலைத் தோடர் மகளிர் வெண்பருத்தித் துணியிற் சிவப்பும் கருப்புமான நூலாற் செய்யும் பூவேலை உலகறிந்தது. வரைபடம் வையார், சட்டத்திற் கட்டார், துணியின் இழையை எண்ணியெண்ணியே தைப்பர். அவ்வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் பூத்தையல் என்னும் பெயரை இனி வேறெவரும் தம் துணிமேல் ஒட்டிக்கொள்ளச் சட்டம் இடந்தராது. பெயர் காக்கப்பட்டால் தொழிலுக்கு ஓர் அரண் கிடைக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. எனினும் அச்சிட்ட போலித்துணிகள் கடைகளில் தலைகாட்டாமலில்லை. அரண் கட்டினால் மட்டும் போதாது, காவலும் வேண்டும்.

தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் வாழும் இலம்பாடி மகளிரின் பூத்தையல் ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. முதிய பெண்டிர் மிகச் சிலரே தையல்களை நினைவில் வைத்திருந்தனர். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் அவர்களையே ஆசிரியராக்கி இளம்பெண்களைச் சூழ அமர்த்திக் கற்பித்தனர். 'போர்கை' என்னும் பெயரில் ஒரு மகளிர் கூட்டமைப்பு உருவாயிற்று. பெருமை என்பது அச்சொல்லின் பொருள். தம் மொழிச் சொல்லையே தம் தொழிலுக்குப் பெயராக வைத்துக்கொண்டனர். சில முதியோர் நினைவிலிருந்து ஒரு தொழிலே மீண்டது. தமிழர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

தஞ்சைப் பகுதியில் தேர்ச்சீலையும் தொம்பையும் தைப்பவர், துணியின்மேல் துணி வைத்துத் தைக்கும் தம் வேலைக்குரிய தமிழ்ச்சொற்களைக் கோயிலின் துணையால் இன்றளவும் இழக்காமல் வைத்துள்ளனர். தென்கோடியில் நாகர்கோயிற் பகுதியிலோ, 1820-களில் மார்த்தா மால்ட்டு என்னும் ஆங்கிலேய அம்மையார் தொடங்கிய இழைப்பின்னற் பள்ளி ஏழைப் பெண்களின் கைக்குக் காசைத் தந்தது. மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் அது. மார்பை மறைக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட பெண்ணின் கை, உலகமே வியக்கும் பின்னலைச் செய்தது. ஊசி வெறும் பிழைப்புக் கருவியன்று, மானக் கருவியுமாகும் என்பதற்கு அவ்வரலாறு சான்று.

குலத்தொழில் என்னும் கண்ணி

தொழிலைக் காத்தல் வேண்டும் என்றவுடன் ஒரு பழைய கண்ணி தலைநீட்டும். தையற்காரன் மகன் தைக்கட்டும், குயவன் மகன் வனையட்டும் என்பதே அது. 1953-இல் இராசாசியின் அரசு அரைநாட் பள்ளி, அரைநாட் குலத்தொழில் என்று கொண்டுவந்த திட்டத்தைத் தமிழகம் எதிர்த்து நின்றது. 1954-இற் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2023-இல் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கென விசுவகர்மா என்னும் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. வழிவழியாகக் குடும்பத்தொழில் செய்து வந்தவராக இருத்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை நீக்கத் தமிழ்நாட்டரசு கேட்டது; நீக்காமையால் 2024-இல் அத்திட்டத்தை அவ்வடிவில் ஏற்க மறுத்தது. குலம் கேளாமல் 25 தொழில்களுக்குக் கடனும் உதவித்தொகையும் தரும் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே கொண்டுவந்தது. மறுத்தது சரியே.

காத்தல் என்பது பூட்டிவைத்தல் ஆகாது. பூட்டி வைத்த தையல், பூட்டியவள் கண்மூடும்போது தானும் மூடும். சிட்டிலிங்கியில் இன்னுஞ் சில ஆண்டு கழிந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியது அதுவே. பூத்தையல் ஒரு குலத்தின் உடைமையன்று. ஒரு சமயத்தின் உடைமையுமன்று. தமிழகத்தில் அதனைக் காத்தவர் கன்னிமாடத்துக் கிறித்துவப் பெண்டிர். சரிகை வேலையைச் சட்டத்தின்மேல் வளர்த்தவருள் இசுலாமியர் பலர். கோயிற்சீலை தைத்தவர் சிவனியரும் மாலியரும். மலையில் வளர்த்தவர் தோடர். இத்தனைக் கைகள் சேர்ந்தே தமிழகத் தையல் ஆயது. ஒருத்தி கற்றதை மற்றொருத்திக்கு, அவள் எவ்வீட்டினளாயினும், மறைக்காமற் சொல்லித்தருவதே இதனைக் காக்கும் ஒரே வழி. குலத்தின்படி கற்பித்தல் அடிமைத்தனம்; விரும்பியவர்க்கெல்லாம் கற்பித்தல் விடுதலை.

இரண்டு மறுப்புகள்

கன்னியர் கற்பித்தது அயல்நாட்டுத் தையல், கொக்கியூசி வடநாட்டு வேலை, இவற்றைத் தமிழர் ஏன் காத்தல் வேண்டும் என்று தூயதமிழ் அன்பரே சிலர் வினவக்கூடும். வினா நேர்மையானதே. விடையும் எளியது. வேலையைப் பிறரிடமிருந்து கற்பதில் இழிவில்லை. கற்ற வேலையைத் தன் சொல்லாற் சொல்லத் தெரியாமையே இழிவு. அச்செழுத்தைத் தமிழர் ஐரோப்பியரிடமிருந்து கற்றனர். கற்றபின் அதற்கு அச்சு என்றனர், அச்சகம் என்றனர், அச்சுக்கோத்தல் என்றனர். அவ்வச்சாலேயே தமிழ் மீண்டது. இரு நூற்றாண்டாகத் தமிழ்மகள் கையிற் பழகிய ஊசிவேலை அவள் வேலையே.

இரண்டாம் மறுப்பு பொறி பற்றியது. கணினிப் பொறி ஒரு நாளிற் பல இரவிக்கைகளுக்குப் பூப்போடுகின்றது. கைவேலை எவ்வாறு பிழைக்கும் என்பர். பொறி இருக்கட்டும், அதன் வேலை அதற்கு. பொறிவேலையைக் கைவேலை என்று சொல்லி விற்பதே ஏமாற்று. அதனை எவரும் கண்டுபிடிக்கலாம். துணியைத் திருப்பிப் பின்புறம் பார்த்தாற் போதும். பொறிக்கு மேல்நூல் ஒன்று, அடிநூல் ஒன்று. ஆகலின் பின்புறத்தில் வேறொரு நூல், பெரும்பாலும் வெண்ணூல், ஒரே சீராக ஓடியிருக்கும். கைவேலையில் முன்னும் பின்னும் ஒரே நூல்; முடிச்சு இட்ட இடம் தெரியும்; ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் மயிரளவு வேறுபாடு இருக்கும். அவ்வேறுபாடு குறையன்று, அங்கே ஒரு மாந்தர்கை இருந்தது என்பதற்கு அடையாளம். பின்புறம் பார்த்து வாங்கும் பழக்கத்தை ஒவ்வொரு தமிழ்க்குடும்பமும் மேற்கொண்டாற் பாதிப் போலி தானே ஒழியும்.

செய்ய வேண்டுவன

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கோட்டக்குப்பம் போன்ற ஓர் ஊரிலேயே தொடங்கலாம். தொடங்க வேண்டுவதும் அங்கேதான்.

முதலாவது, சொல்லைத் திரட்டுதல். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய நாள்முதல் தமிழன்பர் எண்ணற்ற சொற்களை ஆக்கியும் மீட்டும் தந்துள்ளனர். பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இற் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தோன்றியது. ஆயினும் மேசையில் ஆக்கிய சொல் மேசையிலேயே தங்கிவிடும் குறையும் உண்டு. பூத்தையற் சொற்களை அவ்வாறு ஆக்குதல் கூடாது. சட்டத்தருகே சென்று அமர்தல் வேண்டும். தைப்பவள் தன் மகளிடம் தன்னையறியாமற் பேசும்போது எச்சொல்லைச் சொல்லுகின்றாளோ அச்சொல்லை ஏட்டில் எழுதல் வேண்டும். அவளிடம் இல்லாத சொல்லை மட்டுமே ஆக்கல் வேண்டும். ஆக்கிய சொல்லை அவளிடமே காட்டி, அவள் நாவிற்கு இசைந்தால் மட்டுமே வைத்தல் வேண்டும். மீனவரிடமிருந்து கடற்சொல்லையும் உழவரிடமிருந்து வயற்சொல்லையும் பெற்றாற்போல, இவளிடமிருந்து ஊசிச்சொல்லைப் பெறுதல் வேண்டும்.

இரண்டாவது, சான்றுத்துணிச் சுவடி. ஒரு சாண் துணியில் ஒரு தையல். அதன் அருகே தமிழ்ப்பெயர், செய்முறை, கற்பித்தவளின் ஊர், தைத்த ஆண்டு. இவ்வாறு நூறு துணி சேர்ந்தால் அது ஓர் அருங்காட்சியகத்தின் விதை. ஊர் நூலகத்தில் ஒரு பேழை போதும். பாரிசுக்காரன் சேர்த்து வைத்தது கோட்டக்குப்பத்தாரால் இயலாதென்பது மடமை.

மூன்றாவது, திறந்த தையற்கூடம். திங்களுக்கு ஒருநாள், பள்ளி விடுமுறையில், மூத்த பெண்டிர் ஆசிரியராக அமரட்டும். குலமும் சமயமும் கேளாமல் விரும்பிய சிறுவரும் சிறுமியரும் கற்கட்டும். சிறுவரும் என்பது வேண்டுமென்றே சொல்லப்படுகின்றது. வடநாட்டிற் சட்டத்தின்முன் அமர்வோர் பெரும்பாலும் ஆடவரே. ஊசி பெண்ணுக்கே உரியதென்னும் எண்ணம் தமிழகத்திற் கூலியைத் தாழ்த்தும் மற்றொரு கரணியம்.

நான்காவது, கூலிக்கு ஒரு கூட்டுறவு. பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையை மகளிர் தையற் கூட்டுறவுகளைக் கொண்டு தைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் முன்னரே உண்டு. சீருடைக்கு இயன்றது பூத்தையலுக்கு இயலாதா? இடையில் நிற்கும் தரகன் வேலையை வீட்டுக்குக் கொணர்ந்து எண்ணிக்கைக்குக் கூலி தருகின்றான். அதே துணி கடையில் என்ன விலைக்குப் போகின்றது என்பதைத் தைத்தவள் அறியாள். கூட்டுறவு அவ்விலையை அவளுக்குக் காட்டும். இங்கே எல்லைக்கோடும் குறுக்கிடும். கோட்டக்குப்பத்தில் வாழ்ந்து புதுவைக்குச் சென்று தைப்பவள் எந்த அரசின் ஏட்டில் கைவினைஞர்? வடபுறத்தான் 'உன் வேலை அங்கே' என்பான். தென்புறத்தான் 'உன் வீடு அங்கே' என்பான். ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் கிழித்த கோட்டுக்காக ஒரு தமிழ்மகள் இரண்டு வாயிலிலும் திரும்புதல் கூடாது. இரண்டு அரசுகளும் ஒருவர் பதிவை மற்றவர் ஏற்றல் வேண்டும் என்பதைத் தமிழ் அமைப்புகள் கேட்டுப் பெறல் வேண்டும்.

ஐந்தாவது, பெயர்ச்சீட்டு. ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் 'கைப்பூத்தையல்' என்னும் சொல்லும், தைத்த ஊரின் பெயரும் தமிழெழுத்தில் நூலாலேயே தைக்கப்படட்டும். வெளிநாட்டான் படிக்கமாட்டானே என்பர். பிரெஞ்சுக்காரன் தன் துணிமேற் பிரெஞ்சில் எழுதியபோது தமிழன் படிப்பானா என்று கேட்டானா?

நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகத் தமிழ்க்கை உலகை உடுத்திற்று. உலகின் மேசையை மூடிற்று. மணமகளின் தோளில் பூவாய் மலர்ந்தது. அக்கைக்குக் கூலியை மட்டும் எறிந்துவிட்டுப் பெயரை எடுத்துச் சென்றோர் பலர். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. கேட்காதவளுக்குத் தருவாரில்லை, சொல்லாதவளுக்குக் கேட்பாருமில்லை. தையல் என்னும் ஒரு சொல்லுள் தொழிலையும் அழகையும் பெண்ணையும் வைத்த மொழி, அம்மூன்றையும் மீட்கும் ஆற்றலை இன்னும் இழந்துவிடவில்லை. கோட்டக்குப்பத்தில் ஒரு கூடம் திறக்கட்டும். ஒரு பேழையிற் சான்றுத்துணி சேரட்டும். ஒரு துணியின் ஓரத்தில் ஊர்ப்பெயர் தமிழில் தைக்கப்படட்டும். ஊசி தமிழர் கையில் உள்ளவரை, உரிமையும் அக்கைக்கே வந்து சேரும்.